முப்பத்து மூன்று நாள் ரத்தம்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்றேகால் மணி. 2011 செப்டம்பர் பதினாறு, வெள்ளிக்கிழமை. சித்தூரில் நான் வேலை பார்த்த தனியார் டிகிரி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு விஜயநகர அரசின் நிலவரியைப் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். மேசைமேல் செல்போன் அதிர்ந்தது. என் தங்கை தேன்மொழியின் கணவர் பிரபாகர். திருப்பதி ஆஸ்பத்திரியில் அன்று தேன்மொழியை முதல் தடவையாக எழுந்து உட்கார வைக்கப்போகிறார்கள் என்று காலையில் சொல்லியிருந்தார். அந்த நல்ல செய்திக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து வகுப்பிலேயே எடுத்தேன்.

"உக்காந்தா மச்சான். ரெண்டு நிமிசம் உக்காந்தா. அப்புறம் மூச்சு வரலன்னு சொன்னா," என்றார்.

தேன்மொழி இறந்துவிட்டாள். கரும்பலகையில் பாதி எழுதியிருந்த வரியை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். ஏன் முடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

தேன்மொழிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மூன்று வயதில் ஹரிதா என்று ஒரு மகள். அதே ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் ஏழு வருடம் டெக்னீஷியன். அவளைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதப் போவதில்லை. எழுதும்படி எதுவும் அவள் செய்யவில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்தாள், அவ்வளவுதான்.

எங்கள் ஊர் கங்காதர நெல்லூருக்குப் பக்கத்தில். அப்பா முனிகிருஷ்ணனை நைனா என்போம். அவருக்குச் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் தோட்டத்தில் கரும்பு வெட்டினார். 1994இல் ஊரிலிருந்து பெண்கள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கியபோது அம்மா மணியம்மாவும் போனாள். தேன்மொழிக்குப் பதினோரு வயது. அன்று முதல் அடுப்பும் அவள் கையில், நாங்களும் அவள் கையில். மாதத்துக்கு ஒரு முறை எஸ்.டி.டி. பூத்துக்கு அம்மாவின் அழைப்பு வரும். என்மீதும் நைனாமீதும் உள்ள புகார்களை வரிசையாகச் சொல்லியே தேன்மொழி நேரத்தைத் தீர்த்துவிடுவாள். எனக்கு அம்மாவின் குரலில் "நல்லா படி" என்ற இரண்டு வார்த்தை மட்டும் மிஞ்சும். அம்மா ஒன்பது வருடம் கழித்துத் திரும்பினாள். வந்த மறு வருடம் நைனா இறந்தார்.

நான் எம்.ஏ. முடித்தேன். அவள் இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்துத் திருப்பதியில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தாள். சேவை செய்யும் எண்ணம் என்றெல்லாம் இல்லை. நர்சிங்கில் இடம் இல்லை, இதில் இருந்தது. ரத்த வங்கியில் வேலை கிடைத்ததும் அப்படித்தான். கல்யாணம் ராமகுப்பத்துப் பிரபாகரோடு. அவர் பட்டுப்புழு வளர்த்துப் பார்த்துவிட்டு, பிறகு பெங்களூரில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டினார். சனிக்கிழமை வந்து ஞாயிறு திரும்புவார். திருப்பதி மலையடிவாரத்தில், அலிபிரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் தேன்மொழியும் குழந்தையும் அம்மாவும் இருந்தார்கள்.

பயந்துகொண்டு ரத்தம் கொடுக்க வருகிறவர்களிடம் அவள் பேசுகிற பேச்சு எனக்குத் தெரியும், இரண்டு மூன்று முறை பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். மொட்டை போட்டுக்கொண்டு வந்த ஒரு ஆள் ஊசியைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "மலைமேல முடியக் குடுத்தப்ப வலிக்கலயா? அது திரும்ப மொளைக்க ஆறு மாசம் ஆவும். இது ஒரே மாசத்துல ஊறிடும், உக்காரு நைனா," என்றாள். அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஊசி உள்ளே போயிருந்தது.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. அலிபிரி ஆட்டோக்காரர்கள், முடி எடுக்கும் தொழிலாளிகள், லாட்ஜ் பையன்கள் என்று நாற்பத்தைந்து பேர், ரத்த வகையோடும் கடைசியாகக் கொடுத்த தேதியோடும். தேவைப்படும்போது போன் செய்து இரண்டு பேரையோ மூன்று பேரையோ கூப்பிடுவாள். "ஆளுக்குள்ள இருக்கற ரத்தம் பழசாவாதுண்ணா. பைக்குள்ள வந்தப்புறம்தான் நாளு எண்ணணும்," என்பாள்.

நாள் எண்ணுவதுதான் அவள் வேலையில் பாதி. ரத்தப் பைக்கு ஆயுள் முப்பத்தைந்து நாள். குளிர்பெட்டியில் எது பழையதோ அதை முன்னால் வைக்க வேண்டும். கேட்டு வருகிறவர்களுக்கு முன்னால் இருப்பதை எடுத்துக் கொடுக்க வேண்டும். எதுவும் வீணாகாமலிருக்க எல்லா ரத்த வங்கியிலும் இதுதான் முறை. ஒவ்வொரு பையின் மேலும் எடுத்த தேதியை அவளே கறுப்பு மார்க்கரில் பெரிதாக எழுதுவாள். வெளிச்சம் குறைவான நேரத்திலும் யாரும் தவறாக எடுக்கக் கூடாது என்று.

2010இல் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு டாக்டர் அவளுக்கு ஒரு கட்டுரையின் நகலைக் கொடுத்தார். அமெரிக்காவில் ஒரு ஆஸ்பத்திரியில் விபத்தில் அடிபட்டு ஐந்துக்கு மேல் பைகள் ஏற்றப்பட்டவர்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். நான்கு வாரத்துக்கு மேல் இருந்த ரத்தம் ஏறியவர்களுக்குக் காலில் ரத்தம் உறைவது அதிகமாக இருந்ததாம். ஆங்கிலம் புரியாத இடங்களை என்னிடம்தான் கேட்டாள். உறைந்த கட்டி காலிலிருந்து நுரையீரலுக்குப் போனால் ஆள் அந்த இடத்திலேயே போய்விடலாம் என்ற வரியை அவளுக்கு மொழிபெயர்த்துச் சொன்னது நான்.

அதன்பிறகு தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு மட்டும் பின்வரிசையிலிருந்து புதியதாக எடுத்துக் கொடுக்கத் தொடங்கினாள். முன்வரிசையைச் சாதாரண ஆபரேஷன்களுக்கு அனுப்பினாள். இரண்டு மாதத்தில் ஏழு பைகள் தேதி முடிந்து வீணாயின. மேலதிகாரி அவளைக் கூப்பிட்டு, நிரூபணம் இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் முறைப்படி செய் என்றார். அவளிடம் இருந்தது அந்த ஒரு கட்டுரைதான், அதிலேயே இது நிச்சயமில்லை என்று எழுதியிருந்தது. முறைப்படி செய்தாள்.

2011 ஜூலையில் எங்கள் கல்லூரியில் ரத்ததான முகாமுக்கு ஏற்பாடு நடந்தது. கரஸ்பாண்டெண்ட் வரதராஜன் ஒரு கட்சியில் இருந்தார். அவருடைய தலைவருக்கு ஆகஸ்ட் ஆறாம் தேதி பிறந்தநாள். எங்கள் பக்கம் தலைவர்களின் பிறந்தநாளுக்குக் கேக்கும் ரத்தமும் கட்டாயம். போன வருடம் வேறொரு கல்லூரி முந்நூறு பேரிடம் எடுத்திருந்தது. நாம் நானூறைத் தாண்ட வேண்டும் என்றார் வரதராஜன். என்.எஸ்.எஸ். பொறுப்பு என்னிடம் இருந்தது. நான் தலையாட்டினேன்.

தேன்மொழியிடம் சொன்னபோது அவள் ஹரிதாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நானூறு பேர ஒரே நாள்ல குத்தி இன்னாண்ணா பண்ணப் போறீங்க? ஊர்வலம் வுடப் போறீங்களா?"

மூன்று ரத்த வங்கிகள் பிரித்துக்கொள்ளும், உங்கள் பங்கு இருநூறு வரும் என்றேன். அவள் ஊட்டுவதை நிறுத்திவிட்டாள். வாரத்துக்கு இருபது பையன்களை அனுப்பு, நானே வேன் ஏற்பாடு செய்கிறேன், வருடம் முழுக்கப் புதிய ரத்தம் இருக்கும் என்றாள். ஒரே நாளில் இருநூறு வந்தால் ஒரு மாதத்துக்கு யாரையும் கூப்பிட மாட்டார்கள், எல்லாம் சேர்ந்தே பழையதாகும் என்றாள். அதே இருபது பேரைப் பற்றி மறுபடியும் சொன்னாள். அவள் இவ்வளவு கெஞ்சி நான் பார்த்ததில்லை.

"வாரா வாரம் இருபது பேருன்னா போட்டோ எங்கிருந்து வரும்?" என்றேன். சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். ஆனால் அதுதான் உண்மை.

"உன் போட்டோக்கு நான் பிரிட்ஜ் காலி பண்ணணும், இல்ல?" என்று சொல்லிவிட்டு அவள் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முகாமில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கொடுத்தார்கள். முதல் ஆளாக நான் கொடுத்தேன். படம் தெலுங்குப் பத்திரிகையின் மாவட்டப் பக்கத்தில் வந்தது. எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். தேன்மொழியும் அன்று மற்ற டெக்னீஷியன்களோடு வந்து காலை எட்டிலிருந்து மாலை வரை குனிந்து குனிந்து ஊசி போட்டாள். என்னிடம் கோபம் எதையும் காட்டவில்லை. அடுத்த வாரம் போனில், நோட்டில் உள்ளவர்களை எல்லாம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும், குளிர்பெட்டியில் கை வைக்க இடமில்லை என்றும் சொன்னாள்.

செப்டம்பர் எட்டாம் தேதி காலை, ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறவளை அலிபிரி வளைவில் யாத்திரிகர்களை ஏற்றிவந்த ஜீப் ஒன்று அடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பும் தொடையெலும்பும் உடைந்தன. உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டியது. அவளுடைய ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். அவளோடு வேலை செய்யும் ஆதிநாராயணன்தான் ரத்தம் எடுத்துக் கொடுத்தார். அன்றும் மறுநாளும் சேர்த்துப் பதினொரு பைகள். பதினொன்றும் ஓ பாசிட்டிவ், பதினொன்றும் எங்கள் முகாமில் எடுத்தவை.

சித்தூரிலிருந்து பஸ்ஸில் போகும்போதே என் மாணவர்களுக்குப் போன் செய்தேன். புதிதாக ரத்தம் கொடுக்க நான்கு பேர் வேண்டும் என்றேன். ஒருவன் சொன்னான், "சார், நாங்க போன மாசம்தானே குடுத்தோம். மூணு மாசம் குடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" எட்டுப் பேரைக் கூப்பிட்டேன். எட்டுப் பேரும் கொடுத்திருந்தார்கள். எனக்கும் அவள் வகைதான், நானும் கொடுத்திருந்தேன். பிரபாகரின் வகை வேறு. எனக்குத் தெரிந்த நானூறு பேரின் உடம்பிலிருந்தும் ஒரே நாளில் எடுத்து வைத்துவிட்டு, அவசரத்துக்கு ஒரு ஆள் இல்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள் மாலை என்னையும் அம்மாவையும் உள்ளே விட்டார்கள். தேன்மொழி விழித்திருந்தாள். காலைக் கட்டி எடை தொங்கவிட்டிருந்தார்கள். முகத்தில் ஆக்சிஜன் முகமூடி. தலைக்கு மேல் ஒரு பை சொட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் எங்கள் கல்லூரி முகாமின் சீட்டைப் பார்த்தேன். அம்மாவிடம் காட்டினேன். இது எங்கள் பிள்ளைகள் கொடுத்த ரத்தம், நான் ஏற்பாடு செய்த முகாமில் எடுத்தது என்று சொன்னேன். அம்மா அந்தப் பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். யார் பெற்ற பிள்ளையோ நன்றாக இருக்க வேண்டும் என்றாள்.

தேன்மொழி கையைத் தூக்கி முகமூடியைக் கொஞ்சம் விலக்கினாள்.

"தேதி பாத்தியாண்ணா?"

கறுப்பு மார்க்கரில் பெரிதாக எழுதியிருந்தது. அவள் கையெழுத்துதான். "ஆறு எட்டு. நம்ம கேம்ப் அன்னிக்கி எடுத்தது," என்றேன். என் குரலில் பெருமை இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை.

"ஆமா. நான்தான் முன்னாடி வச்சேன்," என்றாள். முகமூடியை மறுபடியும் போட்டுக்கொண்டாள்.

எனக்கு அப்போது உறைக்கவில்லை. வெளியே வந்து டீ குடித்தேன். கூடத்தில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எண்ணத் தொடங்கினேன். முதல் நாள் ஏற்றியவை முப்பத்து மூன்று நாள். இப்போது சொட்டுவது முப்பத்து நான்கு. அந்தக் கட்டுரையில் நான் மொழிபெயர்த்த வரி நினைவுக்கு வந்தது. ஆதிநாராயணனிடம் ஓடினேன். வேறு இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று கேட்டேன்.

"உன்னதே இச்சாம் சார்," என்றார் தெலுங்கில். இருந்ததைத்தான் கொடுத்தோம் என்று. குளிர்பெட்டியின் ஓ வரிசையைத் திறந்து காட்டினார். முன்னாலும் பின்னாலும் ஒரே தேதி.

அவர் இன்னொன்றும் சொன்னார். அன்று காலையிலேயே நர்ஸ் மூலமாகத் தேன்மொழி சொல்லி அனுப்பியிருந்தாளாம், என் கைப்பையில் நோட்டு இருக்கிறது, முடி எடுக்கிறவர்களைக் கூப்பிடு என்று. அவர் கூப்பிட்டிருந்தார். நான்கு பேர் வேலையைப் போட்டுவிட்டு வந்து கொடுத்திருந்தார்கள். பரிசோதனைகள் முடிந்து அந்த நான்கு பைகளும் தயாரானது மூன்றாம் நாள். அதற்குள் ரத்தப்போக்கு நின்றுவிட்டது, இனி ரத்தம் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த நான்கும் முறைப்படி பின்வரிசைக்குப் போயின.

அதற்குப் பிறகு அவள் தேறித்தான் வந்தாள். ஐந்தாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். ஹரிதாவைக் கூட்டிவரச் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைத் திட்டினாள், இதைத் தின்றவன் பிழைத்தால் அது சாமி செயல் என்றாள். நான் பயந்ததை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. எட்டாம் நாள் சித்தூருக்குத் திரும்பினேன். ஒன்பதாம் நாள் அவளை உட்கார வைத்தார்கள்.

அன்று மாலை திருப்பதியில் இளம் டாக்டர் ஒருவர் என்னை உட்காரச் சொல்லிப் பொறுமையாக விளக்கினார். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கிறது. இடுப்பெலும்பு உடைந்தவர்களுக்கும் அசையாமல் படுத்திருப்பவர்களுக்கும் இது வரக்கூடியதுதான். ரத்தப்போக்கு இருந்ததால் உறையாமலிருக்கும் மருந்தையும் சீக்கிரம் தொடங்க முடியவில்லை. நான் ரத்தத்தின் வயதைப் பற்றிக் கேட்டேன். சிலர் அப்படி எழுதுகிறார்கள், உறுதியாகத் தெரியாது, இந்தக் காரணங்களே போதும் என்றார்.

அதற்குப் பின் வந்த ஆய்வுகளையும் தேடிப் படித்தேன். பெரிய ஆய்வுகள். ஆயிரக்கணக்கான நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, பாதிப் பேருக்குப் புதிய ரத்தமும் பாதிப் பேருக்கு வழக்கமான ரத்தமும் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை என்கிறார்கள். இதைப் படித்தால் மனம் ஆறும் என்று நினைத்தேன். அவற்றில் வழக்கமான ரத்தம் என்பது சராசரியாக மூன்று வாரத்தது. பதினொரு பையும் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு நாளாக ஏற்றிய ஒருத்தியைப் பற்றி அவை எதுவும் சொல்லவில்லை. தேடினால் அதற்கும் ஒரு பதில் கிடைக்கலாம். நான் கொன்றேன் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை, கொல்லவில்லை என்று சொல்லவும் இல்லை. அவள் கேட்டதைச் செய்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது என்பதற்கு மட்டும் ஆய்வு தேவையில்லை.

அடுத்த வருடம் ஜூலையில் வரதராஜனின் அறைக்குப் போனேன். முகாமை வருடம் முழுக்கப் பிரித்து நடத்தலாம் என்று சொன்னேன். என் தங்கையின் கதையை முழுவதும் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், கண் கலங்கினார். பிறகு சொன்னார், "பர்த்டே அன்னிக்கி வர்றவன் செவ்வாக்கிழமை கூப்ட்டா வருவானா சார்? இவனுங்களுக்கு பிரியாணி போட்டாத்தான் கை நீட்டுவானுங்க." அதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அலிபிரியில் நான்கு பேர் வேலையை விட்டுவிட்டு வந்ததைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு வேலை வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் ஆறாம் தேதி கல்லூரி வாசலில் இருபதடி பிளெக்ஸ் வைத்தார்கள். நடுவில் தலைவர், பக்கத்தில் வரதராஜன். கீழ் மூலையில், வட்டத்துக்குள், தேன்மொழி. கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த படம், பிரபாகர் கொடுத்திருந்தார். அவள் நினைவாக இந்த முகாம் என்று தெலுங்கில் எழுதியிருந்தது. எனக்குச் செய்யும் மரியாதை என்று வரதராஜன் என் தோளில் கை வைத்துச் சொன்னார். நானூற்று முப்பத்தொரு பேர் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே நாளில். தேன்மொழியின் இடத்தில் ஆதிநாராயணன் குனிந்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு முறை பார்த்தார், அப்புறம் பார்க்கவில்லை. அம்மா அன்று ஹரிதாவோடு சித்தூருக்கு வந்திருந்தாள். பிளெக்ஸில் மகளின் படத்தைப் பார்த்துச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். எவ்வளவு பெரிதாக உன்னை நினைக்கிறார்கள் பார் என்று படத்திடம் சொன்னாள். நான் அம்மாவிடம் எதையும் விளக்கவில்லை. இதுவரையும் விளக்கியதில்லை.

அந்த வேலையில் இன்னும் மூன்று வருடம் இருந்தேன். மூன்று முகாம்களையும் நான்தான் நடத்தினேன். இப்போது வேறு கல்லூரியில் இருக்கிறேன். இங்கே பிறந்தநாள் கொண்டாடுகிற தலைவர் யாரும் இல்லை. வாரத்துக்கு இருபது பேரை அனுப்ப கல்லூரி முதல்வர் சம்மதித்து ஒரு வருடமாகிறது, பட்டியல் கொடுங்கள் என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். மாணவர்களை ரத்த வகைவாரியாகப் பிரித்து எழுத வேண்டும். ஏ, பி, ஏபி மூன்றும் எழுதி முடித்துவிட்டேன். ஓ இன்னும் தொடங்கவில்லை.